அது யாருடைய ட்ரோன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முக்கியப் பிரமுகர் யாராவது ஊருக்கு வருகிறார் என்றால் உங்கள் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி தவறாமல் வரும். இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை ட்ரோன்கள் பறக்கத் தடை, மீறினால் கடும் நடவடிக்கை என்று இருக்கும். கலெக்டர் ஆபீஸ் அனுப்பியதை அப்படியே போட்டிருப்பீர்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம், இதைப் படித்துவிட்டு யார் நிறுத்துவார்கள்? நான் நிறுத்துவேன். என்னைப் போலக் கல்யாணம், காதுகுத்து, கோவில் திருவிழா என்று ஹெலிகேம் ஓட்டிப் பிழைக்கிறவர்கள் நிறுத்துவார்கள். (எங்கள் பக்கம் இன்னமும் ஹெலிகேம்தான், ட்ரோன் என்றால் பெரியவர்களுக்கு வயலில் மருந்து தெளிக்கிற மிஷின் ஞாபகம் வரும்.) கெடுதல் செய்ய நினைக்கிறவன் பேப்பர் பார்த்துவிட்டா கிளம்புவான்?

தடையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ட்ரோனால் ஆபத்து இல்லை என்றும் சொல்ல மாட்டேன், தினமும் அதைக் கையில் பிடிக்கிறவன் என்பதால் மற்றவர்களைவிட எனக்கு அந்தப் பயம் கொஞ்சம் கூடவே உண்டு. ஆனால் எல்லோரும் அதை எப்படிச் சுட்டு வீழ்த்துவது என்பதிலேயே நிற்கிறார்கள். அதற்கு முந்தின கேள்வி ஒன்று இருக்கிறது. வானத்தில் ஒரு ட்ரோன் தெரிகிறது, அது யாருடையது? தரையில் நிற்கிற யாராலும் இன்றைக்கு அதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்தப் பதில் கிடைக்க வழி செய்யாமல் எத்தனை தடை போட்டாலும் மாட்டுகிறவன் ரிமோட்டோடு கண்ணில் படுகிறவன்தான். மாட்டியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஒரத்தநாடு பக்கம் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ட்ரோன் ஓட்ட ஆரம்பித்து எட்டு வருஷம் ஆகிறது. தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, 2020 ஜனவரியில் அங்கே சுகோய்-30 போர் விமானங்களுக்கென்று ஒரு ஸ்குவாட்ரனே வந்துவிட்டது. ஆகவே டவுன் பக்கம் எந்த ஆர்டர் வந்தாலும் முதலில் டிஜிட்டல் ஸ்கை மேப்பைத் திறந்து பார்ப்பேன், எங்கே ட்ரோன் பறக்கலாம், எங்கே கூடாது என்று அரசு நிறம் போட்டுக் காட்டுகிற மேப் அது. சிவப்பு என்று காட்டினால் பார்ட்டியிடம் "ட்ரோன் ஷாட் கிடையாதுங்க, ஜிம்மி ஜிப் போட்டுக்கலாம்" (நீளக் கை வைத்த கிரேன் கேமரா) என்று சொல்லிவிடுவேன். சில பேர் முகம் சுளித்துக்கொண்டு வேறு ஆளிடம் போவார்கள். அந்த வேறு ஆள் மேப் பார்ப்பதில்லை. அவருக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி என் கதை. ஒரு தேர்த் திருவிழா. ஊர் பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்டவர்கள் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் டீ வாங்கிக் கொடுக்கிறார்கள். பச்சை மண்டலம், விழாக் கமிட்டியே கூப்பிட்டு அட்வான்ஸ் கொடுத்த வேலை, ஸ்டேஷனிலும் இரண்டு நாள் முன்னதாகவே எழுதிக் கொடுத்திருந்தோம். தேர் தெற்கு வீதியில் திரும்புகிற இடத்தில்தான் நல்ல ஷாட் கிடைக்கும். கட்டை போடுகிறவர்கள் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தே ஓடுவதெல்லாம் மேலே இருந்து பார்த்தால்தான் தெரியும். கூட்டத்துக்கு நேர் மேலே போகாமல் குளத்துப் பக்கம் ஓரமாக, ஐம்பது மீட்டர் உயரத்தில் நிறுத்திவிட்டு ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பேட்டரி 41 சதவீதம். இடது மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி. பருந்து என்றுதான் நினைத்தேன், எங்கள் தொழிலுக்குப் பருந்தும் காக்காயும்தான் முதல் எதிரி, கூடு வைத்திருக்கிற நாளில் நேராக வந்து அடிக்கும். ஆனால் பருந்து வட்டம் போடும். இது ஆணி அடித்த மாதிரி நின்றது.

தலையைத் தூக்கிப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, வெயில் கண்ணைக் கூசுகிறது. சத்தமா என்றால், தவிலுக்கும் வேட்டுக்கும் நடுவில் என் ட்ரோன் சத்தமே எனக்குக் கேட்காது. பக்கத்தில் நின்ற மற்ற மூன்று வீடியோக்காரர்களைப் பார்த்தேன், மூவருடையதும் பெட்டிக்குள் இருந்தது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் புள்ளி நகர்ந்து தேர்க் கலசத்துக்கு நேர் மேலே வந்தது, கொஞ்ச நேரம் நின்றது, அப்புறம் கிழக்கே தென்னந்தோப்புப் பக்கம் போய் மறைந்துவிட்டது. மொத்தம் ஒன்றரை நிமிஷம் இருக்கும்.

தேருக்கு மேல் இருந்தவர்களில் யாரோ அதைப் பார்த்துக் கீழே சொல்லிவிட்டார்கள். சப்-இன்ஸ்பெக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருகிறார், "தேருக்கு மேல எவன்யா விட்டது?" அந்த இடத்தில் கையில் ரிமோட்டோடு நின்றவன் நான் ஒருவன். அவ்வளவுதான். பதினொரு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போனவன் சாயங்காலம் ஐந்து மணிக்கு வெளியே வந்தேன். ட்ரோன் வர ஒன்பது நாள் ஆயிற்று, நடுவில் ஒரு முகூர்த்தம் போய்விட்டது. ஆப்பில் பதிவாகியிருந்த பறந்த வழியை எடுத்துக் காட்டினேன், என் ட்ரோன் குளத்தைத் தாண்டவே இல்லை என்று கோடு போட்டுக் காட்டியது. "இதெல்லாம் எனக்குப் புரியாது தம்பி" என்றார். அதிலும் பொய் இல்லை. அவரை நான் குறை சொல்லவில்லை. பல்லாயிரம் ஜனத்துக்கு நடுவில் அவரிடம் இருந்தது ஒரு வாக்கி டாக்கியும் ஒரு லத்தியும்தான். எனக்கு இன்னமும் உறுத்துவது வேறு. என்னைப் பிடித்ததும் எல்லோருக்கும் நிம்மதி ஆகிவிட்டது, அந்த இன்னொன்று எங்கே போயிற்று என்று அதற்கப்புறம் யாரும் தேடவில்லை.

இது நம்ம ஊர் போலீஸின் குறை மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், லண்டன் கேட்விக் விமான நிலையக் கதையைப் படிக்கிற வரைக்கும். 2018 டிசம்பர் 19 ராத்திரி ஓடுபாதைப் பக்கம் ட்ரோன் பறக்கிறது என்று யாரோ சொல்ல, விமான நிலையத்தை மூடினார்கள். திறக்கப் போனால் மறுபடி பார்த்ததாகத் தகவல், மறுபடி மூடல். மொத்தம் 33 மணி நேரம். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகிற நேரம், சுமார் ஆயிரம் விமானங்கள் ரத்தாகின அல்லது வேறு ஊருக்குத் திருப்பிவிடப்பட்டன, ஏறத்தாழ 1,40,000 பயணிகள் தவித்தார்கள். ராணுவத்தைக் கூப்பிட்டார்கள். பக்கத்து ஊரில் ட்ரோன் பிரியர் ஒருவரையும் அவர் மனைவியையும் கைது செய்தார்கள், பேப்பரில் படம் எல்லாம் வந்துவிட்டது. அந்த ட்ரோன் பறந்த நேரத்தில் அவர் வேலை பார்த்த இடத்தில் இருந்திருக்கிறார். ஒரு வழக்கும் இல்லாமல் விட்டார்கள், பிறகு போலீஸ் நஷ்டஈடும் வழக்குச் செலவுமாக 2,00,000 பவுண்டு கொடுக்க வேண்டியதாயிற்று. உண்மையில் விட்டவன் அகப்படவே இல்லை. 2019 செப்டம்பரில் விசாரணையையே மூடிவிட்டார்கள். இதில் பெரிய கூத்து என்னவென்றால், தேடுவதற்காகப் போலீஸே பறக்கவிட்ட ட்ரோனைப் பார்த்துவிட்டு ஜனங்கள் "அதோ மறுபடி வந்துவிட்டது" என்று சொல்லியிருக்கவும் வாய்ப்புண்டு என்று போலீஸ் தலைமையே ஒப்புக்கொண்டது. எது யாருடையது என்று தெரியாவிட்டால் இப்படித்தான் ஆகும், சொந்த ட்ரோனைக் கண்டே சொந்த விமான நிலையம் பயப்படும்.

கேட்விக்கில் குண்டு விழவில்லை. ஜம்முவில் விழுந்தது. 2021 ஜூன் 27, ராத்திரி ஒன்றரை மணிக்கு மேல், ஜம்மு விமானப்படைத் தளத்தில் ஐந்து ஐந்தரை நிமிஷ இடைவெளியில் இரண்டு குண்டுகள். ஒன்று ஒரு கட்டடத்தின் கூரையைத் துளைத்தது, இன்னொன்று வெட்டவெளியில் வெடித்தது, வீரர்கள் இருவருக்குச் சிறு காயம். நம் நாட்டு ராணுவத் தளம் ஒன்றில் ட்ரோன் வழியாக நடந்த முதல் தாக்குதல் அதுதான். எல்லையிலிருந்து அந்த இடம் சுமார் 14 கிலோமீட்டர். சேதம் கம்மி என்று அன்றைக்குச் சிலர் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ராத்திரி நேரத்தில் வந்து இரண்டையும் தளத்துக்குள்ளேயே போட்டவனுக்கு அடுத்த முறை குறி தவறுமா?

பஞ்சாப் எல்லையில் இது அதற்கும் இரண்டு வருஷம் முன்பே தொடங்கிவிட்டது. 2019இல் தரன் தாரன் பக்கம் ட்ரோனில் துப்பாக்கி இறக்கினார்கள். இப்போது பெரும்பாலும் ஹெராயின், அரை கிலோ பொட்டலமாக, மஞ்சள் டேப் சுற்றி, தொங்கவிட ஒரு வளையம் வைத்து. 2024இல் பஞ்சாப் எல்லையில் மட்டும் எல்லைப் பாதுகாப்புப் படை 280க்கும் மேற்பட்ட ட்ரோன்களைப் பிடித்திருக்கிறது. அவர்கள் விடுகிற செய்திக் குறிப்புகளைப் பார்த்தால் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடும், ஏனென்றால் அதில் அடிக்கடி வருகிற பெயர் டிஜேஐ மேவிக் 3 கிளாசிக். போன ஆவணியில் நீங்கள் போன கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை பெண் தலைக்கு மேல் நின்றதே, அந்த ரகம்தான். ராணுவ விஷயம், வெளிநாட்டு ஆயுதம் என்று தூரத்தில் வைத்துப் பார்க்க இதில் ஒன்றும் இல்லை.

2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூரின்போது ஒரே ராத்திரியில் 36 இடங்களில் 300 முதல் 400 ட்ரோன்கள் வந்தன என்று அரசே சொன்னது. அதில் பலவற்றை வீழ்த்தியது எல்-70 மாதிரிப் பழைய பீரங்கிகள், பல பேர் பழைய இரும்பு என்று நினைத்துக்கொண்டிருந்தவை. கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அது சண்டை, எல்லை, எதிரில் வருவதெல்லாம் எதிரியுடையது என்று தெளிவாகத் தெரிந்த நேரம். அதே பீரங்கியைத் தேரோடும் வீதியில் வைக்க முடியுமா? மேலே போன குண்டு கீழே எங்காவது விழுந்துதானே ஆக வேண்டும்.

அப்படியென்றால் ஜாமர் வைத்துவிடலாமே என்பார்கள். டீக்கடையில் இந்தப் பேச்சு வந்தால் பத்தில் எட்டுப் பேர் சொல்வது இதுதான், "பட்டனைத் தட்டினா தொப்புன்னு விழுந்துடும்." விழாது சார். ரிமோட்டுக்கும் ட்ரோனுக்கும் நடுவில் இருக்கிற ரேடியோ தொடர்பை அறுத்தால் அது பெரும்பாலும் கிளம்பிய இடத்துக்குத் தானாகத் திரும்பும், இல்லை நின்ற இடத்திலேயே நிற்கும், இல்லை மெதுவாக இறங்கும். எதைச் செய்ய வேண்டும் என்பதை ஓட்டுகிறவர் முன்கூட்டியே செட்டிங்கில் வைத்திருப்பார். ஜி.பி.எஸ்.ஸையும் சேர்த்துக் கெடுத்தால் எங்கள் பாஷையில் அட்டி மோடுக்குப் போய்விடும், அதாவது காற்று போகிற பக்கம் அதுவும் போகும். எனக்கே ஒரு தடவை செல்போன் டவர் பக்கத்தில் அப்படி ஆகி, முக்கால் கிலோமீட்டர் ஓடி, கரும்புக் கொல்லையில் புகுந்து எடுத்தேன், கை முழுக்கக் கீறல். நாலு றெக்கை சுற்றுகிற, கிட்டத்தட்ட ஒரு கிலோ எடையுள்ள சாமான் கூட்டத்துக்குள் அப்படி அலைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதுவும் போக, 2.4 கிகாஹெர்ட்ஸை அடைத்தால் அந்த வட்டாரத்து வைஃபை, புளூடூத் எல்லாம் சேர்ந்தே படுக்கும். விமான நிலையத்தில் ஜி.பி.எஸ்.ஸைக் கலைத்தால் இறங்குகிற விமானத்துக்கே சிக்கல். தனியார் யாரும் ஜாமர் வாங்கவோ வைக்கவோ கூடாது என்று சட்டம் இருப்பதும் சும்மா இல்லை.

இன்னொரு விஷயம், தெரிந்து கெடுதல் செய்கிறவன் ரேடியோவை நம்பியே இருக்க வேண்டும் என்பதில்லை. உக்ரைன் சண்டையில் இரண்டு பக்கமும் மெல்லிய ஃபைபர் ஒயரை இழுத்துக்கொண்டே போகிற ட்ரோன்களை விடுகிறார்கள், அதற்கு எந்த ஜாமரும் ஒன்றும் செய்ய முடியாது. 2025 ஜூன் 1ஆம் தேதி உக்ரைன்காரர்கள் லாரியில் மரக்கூண்டு மாதிரி செய்து அதற்குள் ட்ரோன்களை ஒளித்து ரஷ்யாவுக்குள் வெகு தூரம் கொண்டுபோய், விமானத் தளங்களுக்குப் பக்கத்திலேயே நிறுத்திக் கூரையைத் திறந்துவிட்டார்கள். மொத்தம் 117 ட்ரோன்கள். எல்லையில் எத்தனை ரேடார் இருந்து என்ன, ட்ரோன் எல்லையைத் தாண்டியது ரோட்டு வழியாக! நெதர்லாந்து போலீஸ் 2016இல் கழுகுகளுக்குப் பயிற்சி கொடுத்து ட்ரோனைப் பிடிக்க வைத்தார்கள், செலவும் ஆகிறது, சொன்னதைக் கேட்பதும் இல்லை என்று அடுத்த வருஷமே கைவிட்டார்கள். எங்கள் ஊர்ப் பருந்து சம்பளமே இல்லாமல் அந்த வேலையைச் செய்கிறது, என்ன, அதற்கு என் ட்ரோன்தான் கண்ணில் படுகிறது.

ஆகவே வீழ்த்துவதைக் கடைசி வேலையாக, பயிற்சி பெற்ற சில பேர் கையில் விட்டுவிடுவோம். கல்பாக்கம், கூடங்குளம், மீனம்பாக்கம், சூலூர், தஞ்சாவூர் மாதிரி இடங்களில் ரேடார், ரேடியோ அலையை ஒட்டுக்கேட்கிற கருவி, ராத்திரியில் வெப்பத்தைக் காட்டுகிற கேமரா எல்லாம் சேர்த்து வைக்கத்தான் வேண்டும், ஒன்று மட்டும் இருந்தால் போதாது. ரேடாருக்குச் சின்ன ட்ரோனும் காக்காயும் ஏறக்குறைய ஒன்று, ஒட்டுக்கேட்கிற கருவிக்கோ பேசாமல் வருகிற ட்ரோன் கேட்காது. நம் நாட்டிலேயே டி.ஆர்.டி.ஓ. வடிவமைத்து பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் செய்கிற டி-4 என்ற ட்ரோன் எதிர்ப்புக் கருவி இருக்கிறது. பஞ்சாப் மாநில அரசு 2025 ஆகஸ்டில் தன் சொந்தச் செலவில் 51 கோடி ரூபாய்க்கு மேல் போட்டு எல்லை மாவட்டங்களுக்கு இப்படி ஒரு அமைப்பை வாங்கியிருக்கிறது. சரி, அதெல்லாம் பெரிய இடம். மீதி ஊருக்கு? ஒவ்வொரு தேருக்கும் ரேடார் வைக்க முடியாது.

அங்கேதான் நான் சொல்கிற கேள்வி வருகிறது. அமெரிக்காவில் 2024 மார்ச் 16இலிருந்து, பதிவு செய்ய வேண்டிய எந்த ட்ரோனும் பறக்கும்போது தன் எண், இருக்கிற இடம், உயரம், வேகம், ஓட்டுகிறவர் நிற்கிற இடம் எல்லாவற்றையும் ஒலிபரப்பிக்கொண்டே போக வேண்டும் என்பதை மீறினால் அபராதம். சாதாரண செல்போனிலேயே அதைப் பிடித்துப் பார்க்கலாம். எண்ணுக்குப் பின்னால் இருக்கிற பெயர், விலாசம் மட்டும் அரசாங்கத்திடம் இருக்கும். நம்முடைய ட்ரோன் விதிகள் 2021இலும் இதே சங்கதி இருக்கிறது, அனுமதியில்லாமல் கிளம்பாத பூட்டு, இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே போகிற கருவி, தடை வட்டத்துக்குள் நுழையாத வேலி, மூன்றும். ஆனால் எப்படி எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? மத்திய அரசு வருங்காலத்தில் அறிவிக்கலாம், அறிவித்தால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் தரப்படும் என்று. 2021 ஆகஸ்ட் 25ஆம் தேதி அந்த விதிகள் வந்தன, ஜம்முவில் குண்டு விழுந்து இரண்டே மாதத்தில். அந்த விதிகளை நான் திட்டமாட்டேன், 25 படிவம் 5 ஆனதும், 72 வகைக் கட்டணம் 4 ஆனதும் எங்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பது எங்களுக்குத்தான் தெரியும். ஆனால் அந்த "வருங்காலம்" எப்போது வரும்?

கெட்டவன் அந்தக் கருவியை மாட்டிக்கொண்டா வருவான் என்று உடனே கேட்பீர்கள். மாட்டமாட்டான். அதனால்தான் சொல்கிறேன். வானத்தில் நாலு நிற்கிறது, மூன்று பெயர் சொல்கிறது, ஒன்று வாய் திறக்கவில்லை என்றால் அந்த சப்-இன்ஸ்பெக்டர் எதைப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். இன்றைக்கு நாலுமே ஊமை.

தயாரிக்கிறவர்களே பூட்டுப் போட்டு அனுப்புவார்கள் என்று நம்பி உட்காரவும் முடியாது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பறக்கவிடாமல் தடுத்துக்கொண்டிருந்த பூட்டை டிஜேஐ நிறுவனம் 2025 ஜனவரியில் அமெரிக்காவில் எடுத்துவிட்டது, இப்போது எச்சரிக்கை மட்டும்தான் காட்டும், ஓட்டுகிறவர் சரி என்று தட்டிவிட்டுப் போகலாம்.

இதில் எங்கள் பக்கத்துக் குறையும் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை வந்தது. கல்யாண வீட்டில் பறப்பதெல்லாம் அப்புறமும் புதுப்புது மாடலாகவே இருக்கிறதே, அது எந்த வழியாக வருகிறது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அப்படி வந்ததற்குப் பில் கிடையாது, வகைச் சான்றிதழ் (இந்த மாடல் சரியானது என்று தருகிற சான்று) கிடையாது, சான்றிதழ் இல்லாததால் பதிவு எண்ணும் வாங்க முடியாது. இங்கேயே தயாராகிச் சான்று பெற்றவை பெரும்பாலும் மருந்து தெளிக்கவும் சர்வே எடுக்கவும்தான். விதி வந்த புதிதில் ஏற்கெனவே கையில் இருந்த ட்ரோன்களைப் பதிந்துகொள்ள ஒரு அவகாசம் கொடுத்தார்கள், எங்கள் சங்கத்து வாட்ஸ்ஆப்பில் யாரோ போட்டதைப் பார்த்து நான் போய்ப் பதிந்துவிட்டேன், முக்கால்வாசிப் பேருக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் இன்றைக்கும் அந்தப் பழையதையே பேட்டரி மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், ஐந்து நாள் வகுப்புக்குப் போய்ப் பைலட் சான்றிதழும் வாங்கினேன். மற்றவர்கள் பதிய வேண்டும் என்று நினைத்தாலும் வழியில்லை, ஒளித்துத்தான் ஓட்டியாக வேண்டும். ஒளித்து ஓட்டுகிற ஆயிரம் நல்லவர்களுக்கு நடுவில் ஒரு கெட்டவன் ஒளிந்துகொள்வது எவ்வளவு சுலபம்! அந்தக் கதவை இன்னொரு தடவை ஆறு மாதத்துக்குத் திறந்துவிடுங்கள், வரி, அபராதம் எது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளுங்கள், எண் கொடுங்கள். 2025 செப்டம்பரில் ட்ரோனுக்கென்றே தனிச் சட்ட வரைவு ஒன்றை வெளியிட்டுக் கருத்துக் கேட்டார்கள், அதில் சிறைத் தண்டனை வரைக்கும் பேச்சு இருந்தது. தண்டனையைக் கூட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. யாருக்குத் தண்டனை என்று கண்டுபிடிக்க வழி இருக்க வேண்டும், அவ்வளவுதான். இப்போதே ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம் இருக்கிறது, தென்னந்தோப்புப் பக்கம் போன ட்ரோனிடம் யார் போய் வசூலிப்பது?

கடைசியாக ஒன்று. சந்தேகமாக ஒரு ட்ரோனைப் பார்த்தால் யாரிடம் சொல்வது? 112க்கு அடிக்கலாம், அந்தப் பக்கம் எடுக்கிறவருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டுமே. பஞ்சாப் எல்லைக் கிராமங்களில் ராத்திரி ட்ரோன் சத்தம் கேட்டால் ஊர்க்காரர்களே உடனே தகவல் சொல்ல கிராமப் பாதுகாப்புக் குழு வைத்திருக்கிறார்கள், பிடிபடுகிறவற்றில் கணிசமானது அப்படிக் கிடைத்த தகவலால்தான். இங்கே மாவட்டத்துக்கு ஒரு அதிகாரி, அவருக்கு ஒரு போன் நம்பர், அவர் கையில் யார் யாருக்கு எங்கே அனுமதி என்ற அன்றன்றைய பட்டியல், இது இருந்தால் போதும். கோடிக் கணக்கில் செலவாகிற வேலையா இது? பார்த்ததை எப்படிச் சொல்வது என்பதையும் ஜனங்களுக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடுக்கலாம், எந்தத் திசை, எத்தனை மணி, நின்றதா நகர்ந்ததா என்று. சொல்லிக் கொடுக்காவிட்டால் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் 2024 கடைசியில் நடந்த மாதிரி ஆகும். ராத்திரி வானத்தில் மர்ம ட்ரோன் என்று 5,000க்கு மேல் புகார், விசாரித்துப் பார்க்கும் அளவுக்கு இருந்தது நூறு சொச்சம், மீதியில் விமானம், ஹெலிகாப்டர், முறைப்படி பறந்த ட்ரோன், நட்சத்திரம்கூட இருந்தது. எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. ஜப்பான் பிரதமர் அலுவலக மொட்டை மாடியில் 2015 ஏப்ரல் 22ஆம் தேதி ஒரு ட்ரோனைக் கண்டெடுத்தார்கள், அதில் லேசாகக் கதிர்வீச்சு உள்ள மண் இருந்தது. விட்டவர் தானாக வந்து சரணடைந்து, அதை 9ஆம் தேதியே விட்டுவிட்டேன் என்றார். பதின்மூன்று நாள் பிரதமர் தலைக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது, ஒரு ஈ காக்காய்க்குத் தெரியவில்லை.

என் தேர்க் கதைக்கு வருகிறேன். ட்ரோன் திரும்பி வந்ததும் கார்டில் இருந்ததைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். அந்தப் புள்ளி நாலு வினாடி தெளிவாகவே விழுந்திருக்கிறது, நாலு கை, கீழே ஏதோ சின்னதாகத் தொங்குகிறது, கேமராவாகவும் இருக்கலாம். பென்டிரைவில் காப்பி எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். கேஸ்தான் இல்லையே, இதை எதில் சேர்ப்பது என்றார்கள். அதுவும் நியாயம்தான். அந்த கிளிப் இன்னும் என் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது, யாராவது கேட்டால் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கல்யாண வீடியோக்காரன்,
ஒரத்தநாடு, தஞ்சாவூர் மாவட்டம்.